வலப்புறம் ஒருக்களித்து

நான்கு மணி நேரம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். விலாவுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டிவைத்து, ஊசி இறங்கிய இடம் அதன்மேல் அழுந்தும்படி கமலவேணியை வலப்புறமாக ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். மணி ஒன்பதரை. ஒன்றரை வரைக்கும் இப்படியே. முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளிச் சுவர், இளம்பச்சை, அதில் யாரோ நகத்தால் கீறிக் கீறி எழுதிய பாதிப் பெயர், 'வசந்' என்று நின்றுபோயிருந்தது, வசந்தியா வசந்தனா, முடிப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா, வேறெங்காவது தள்ளிக்கொண்டு போய்விட்டார்களா. முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் தங்கை சுகந்தி. அவள் இருப்பது சத்தத்தில்தான் தெரிந்தது, வளையல், டிபன் பாக்ஸ் மூடி, சாத்துக்குடியை நகத்தால் கிள்ளுவது, பிறகு அந்த வாசனை. "வலிக்குதாக்கா?" "இல்லடி." வலித்தது. குத்தின இடத்தில் இல்லை, தோள்பட்டையில். போன வருஷமும் இப்படித்தான், கல்லீரலில் குத்தினால் வலது தோளில் வலிக்குமாம், நரம்பு அப்படிப் போகிறதாம். மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்க என்றார்கள், நிறுத்தினாள், ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், உள்ளேயிருந்து ஒரு நூல் துண்டு அளவுக்குச் சதை வெளியே வந்துவிட்டது. அதைச் சின்னக் குப்பியில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடினாள் ரெபேக்கா, ஆராய்ச்சி செய்கிற பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் கையெழுத்து வாங்கும்போது எல்லாம் விளக்கித்தான் வாங்கினாள். எல்லாச் செல்லிலும் எல்லா ஜீனும் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யாது, சிலது ஓயாமல் ஓடும், சிலது சும்மா கிடக்கும். மஞ்சள் காமாலை வைரஸுக்கு மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு துண்டு எடுத்தோம், ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்ட பிறகு இது ஒரு துண்டு, ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் எது அடங்கியது, எது எழுந்தது என்று தெரியும். முதல் துண்டில், நோய் நுழைந்தால் கத்திக் கூப்பாடு போட வேண்டிய ஜீன்கள் பாதிக்குமேல் தூங்கிக்கொண்டிருந்தனவாம். "இந்த வைரஸ் அப்படிங்க, யாரையும் எழுப்பாம உள்ள வந்து உக்காந்துக்கும்." அப்படியானால் இப்போது போய்விட்டதா என்று கேட்டதற்கு, ரத்தத்தில் இல்லை என்றாள். "ஆனா செல்லுக்கு நட்ட நடுவுல ஒரு சின்ன வளையமா உக்காந்திருக்கும். மாத்திரை அதைத் தொடாது. நிறுத்தினீங்கன்னா மறுபடி ஆரம்பிச்சிரும்." உக்காந்திருக்கும். உக்காந்திருக்கும். எத்தனை வருஷமாக, நாற்பத்தொரு வருஷமாக, பாவாடை கட்டிக்கொண்டு உறையூர் தெருவில் பாண்டி ஆடும்போதும், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போதும், தாலி கட்டிக்கொள்ளும்போதும், எதுவும் பேசாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு.

பத்தரைக்கு ரெபேக்கா திரும்பி வந்தபோது அவள் செருப்பில்லாத கால் சத்தம் கேட்டது, ஆய்வகத்துச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவாள் போல. பிளட் பிரஷர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தலைக்கு மேலாகப் பின்பக்கம் பேசினாள். "நீங்க இவங்க தங்கச்சிதானே? உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" "எனக்கும் இருக்கு மேடம்" என்றாள் சுகந்தி, ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. "எப்ப எடுத்தீங்க?" சாத்துக்குடி உரிக்கிற சத்தம் நின்றது. "எடுக்கல. அம்மாவுக்கு இருந்துச்சு, அதுலதான் போனாங்க. அக்காவுக்கு இருக்கு. அப்ப எனக்கும்தானே." "எடுக்காம எப்படிங்க சொல்றது? வாங்க, ரெண்டு ட்யூப் ரத்தம், அஞ்சு நிமிஷம்." கமலவேணி சுவரைப் பார்த்துச் சொன்னாள், "அவளுக்கு ஊசின்னா பயங்க, இன்னொரு நாளைக்கு எடுத்துக்கலாம்." ஸ்டூல் நகர்ந்தது. "பரவால்லக்கா. கூப்பிடறாங்கல்ல, போயிட்டு வந்துடறேன். நீ அசையாத." வளையல் சத்தம் வராந்தாவில் போய்க் கரைந்தது. திரும்பி அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். திரும்பக்கூடாது. திரும்பினால் உள்ளே ரத்தம் கசியும் என்று சொல்லியிருக்கிறார்கள், கசிந்தால் வயிறு இறுகும், பிறகு ஆபரேஷன் தியேட்டர். அம்மாவுக்கும் கசிந்துதான் வந்தது, வாய் வழியாக, பித்தளை அண்டாவில் பாதி, கறுப்பாக, காபி டிகாக்‌ஷன் மாதிரி. அண்டாவைச் சுகந்திதான் கழுவினாள். பதினேழு வயது. வாசல் குழாயில் வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கை நடுங்கவில்லை, அவளுக்கு ஊசிக்குப் பயம் என்று யார் சொன்னது. நான்தான் சொன்னேன். இப்போதுதான் சொன்னேன்.

அம்மா போனபோது அது என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது, குடிக்காத பொம்பளைக்குக் கல்லீரல் சுருங்கிப்போச்சு என்று ஊர் ஆச்சரியப்பட்டதோடு சரி. தெரிந்தது கமலவேணிக்கு ஐந்தாவது மாசத்தில். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான், நர்ஸ் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, நீங்க மட்டும் இந்தப் பக்கம் நில்லுங்க என்றாள். அந்த 'மட்டும்'. ஃபைல் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பிரசவ வார்டில் கடைசிக் கட்டில், ஆயாம்மா கையுறை போட்டுக்கொண்டுதான் காபி டம்ளரை நீட்டினாள். டாக்டர் நல்ல மனுஷி, புருஷனையும் மாமியாரையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள், தட்டில் தொற்றாது, டம்ளரில் தொற்றாது, ஒரே வீட்டில் இருக்கலாம், தொட்டுப் பழகலாம், பிறந்தவுடனே குழந்தைக்கு ரெண்டு ஊசி போட்டுவிடுகிறோம், குழந்தைக்கு வராது. வரவில்லை. கவின் சுத்தமாக இருந்தான். சுத்தம் என்றுதான் மாமியார் சொன்னாள், பிள்ளை சுத்தமா இருக்கான், இனிமே இவகிட்ட விட்டு ஏன் கெடுக்கணும். புருஷன் ரத்தினவேல் ரைஸ் மில்லில் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறவன், பேச்சில் நம்பிக்கை இல்லாதவன். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் தட்டைக் காலால் நகர்த்தி வாசல்படி ஓரமாக வைத்தான். கையால்கூட இல்லை. காலால். கட்டைவிரலால் நெம்பி. அதில் சாம்பார் சாதம் இருந்தது, கொஞ்சம் தளும்பியது, கால்விரலில் பட்டதைத் துணியால் துடைத்துக்கொண்டு அவன் தன் சாப்பாட்டைத் தொடர்ந்தான். ஒன்றரை வயதில் கவினை வைத்துக்கொண்டு அவளை மட்டும் உறையூருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். பால் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போனாள், அவளுக்கு எப்படித் தெரிந்தது, தெரியாது, பால் வாடைக்காகத்தான் எழுந்திருப்பாள், இருந்தாலும்.

உறையூரில் சுகந்தி கைத்தறிக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள், இருபத்தேழு வயது, பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், கரூர்க்காரர்கள், குமரகுரு என்று பெயர், பெட்ஷீட் கம்பெனியில் சூப்பர்வைசர். கமலவேணி வந்து இறங்கிய பன்னிரண்டாம் நாள் நிச்சயம். அன்றைக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. எத்தனை தடவை போய்ப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் இல்லை. வளையல்காரி வந்தாள், சுகந்தி மணிக்கட்டைக் குறுக்கிக் குறுக்கி வளையலை ஏற்றிக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பு, வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கிறது, சின்ன வயசிலிருந்து அப்படித்தான், "அக்கா நீயும் ரெண்டு போட்டுக்கக்கா" என்றாள். அவ்வளவுதான். கமலவேணி கொல்லைக்குப் போய் மார்பைப் பிழிந்து பாலைத் துணி துவைக்கிற கல்லில் ஊற்றினாள். மறுநாள் காலையில், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த கேஸ் ஏஜென்சி வேலைக்கே மறுபடி போகிற வழியில், மெடிக்கல் ஷாப் வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போன். அங்கே ஆபீசில் அவளுக்கு நாளெல்லாம் போன்தான் வேலை, சிலிண்டர் பதிவு, எந்தக் குரலில் பேசினால் ஆள் கேட்பான் என்று தெரியும். கரூருக்குப் போட்டு, மூன்று வாக்கியம். அந்தப் பொண்ணோட அம்மா ரத்த வாந்தி எடுத்துச் செத்தாங்க. பெரிய பொண்ணை அதே நோய்க்காகப் புருஷன் வீட்ல அனுப்பிட்டாங்க. சின்னவளுக்கும் இருக்கு, விசாரிச்சுக்கங்க. பொய்யா? முதல் ரெண்டும் பொய்யில்லை. மூன்றாவதும் பொய் என்று அன்றைக்குத் தெரியாதே, இன்றைக்கும் தெரியாது, இப்போதுதானே ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மா எனக்குக் கொடுத்தாள் என்றால் அவளுக்கு மட்டும் கொடுக்காமல் இருப்பாளா. ஒரு பையனைக் காப்பாற்றினேன். நாளைக்கு அவளையும் ஒருத்தன் காலால் தட்டை நகர்த்தாமல் காப்பாற்றினேன். அப்படித்தான். ஆனால் போனில் அந்தப் பக்கம் இருந்த குமரகுருவின் அம்மா கேட்டாள், "பெரிய பொண்ணுதானே பேசறது?" கமலவேணி போனை வைத்துவிட்டாள். கை ஈரத்தில் ரிசீவர் வழுக்கித் தொங்கியது, எடுத்து மறுபடி மாட்டினாள். பெரிய பொண்ணுதானே பேசறது. ஒன்பது வருஷமாக, பல் தேய்க்கும்போது, சிலிண்டர் நம்பர் எழுதும்போது, பெரிய பொண்ணுதானே பேசறது. அந்தம்மா சுகந்தியிடம் சொன்னாளா, சொல்லவில்லையா? சொல்லியிருந்தால் சுகந்தி கேட்டிருப்பாள். கேட்கவில்லை. அதனால் சொல்லவில்லை. ஆனால் கேட்காமலே இருப்பவள்தானே அவள். சம்பந்தம் நின்றுபோன அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது சுகந்தி தனக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து, அதன் அடியில் ஆணியால் 'சு' என்று கீறினாள். கமலவேணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நமக்கு நாம இருக்கோம், விடுக்கா" என்றாள், ஆறுதல் சொல்ல வேண்டியவளுக்கு ஆறுதலாக.

அப்போதாவது சொல்லியிருக்கலாம், தட்டில் தொற்றாது என்று. டாக்டர் சொன்ன அந்த நாலு வரி. நாக்கு நுனிவரைக்கும் வந்தது உண்டு. வந்து, அங்கேயே. சொன்னால் அடுத்தது கேட்பாள், அப்போ டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமாக்கா என்று. ஒரு தடவை கேட்கவும் கேட்டாள். "எடுத்தா பேரைப் பதிஞ்சுக்குவாங்கடி, கடைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்" என்றாள் கமலவேணி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. சுகந்தி நம்பினாள். அவள் நம்புவது ஒரு தொல்லை, எதைச் சொன்னாலும் அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொள்வாள். வருஷத்துக்கு நாலு தடவை கவினைக் கொண்டுவந்து விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் விட்டுச் சாயங்காலம் அழைத்துப்போவார்கள். கமலவேணி அவனை மடியில் வாரிப்போட்டு, முத்தம் கொடுத்து, தன் கையாலேயே ஊட்டுவாள். சுகந்தி நிலைப்படியில் நின்று பார்ப்பாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "சித்தி தூக்கு" என்று அவன் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தபோது பின்னால் நகர்ந்து, கதவில் முதுகு இடித்து, "சித்திக்குச் சளிடா கண்ணா" என்றாள். ஒவ்வொரு தடவையும் சளி. "நீ மட்டும் எப்படிக்கா தூக்கறே?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பெத்தவளுக்கு ஒண்ணும் ஆகாதுடி என்று சொன்னேன். எப்பேர்ப்பட்ட பொய், எவ்வளவு சுலபமாக வந்தது, யோசிக்கக்கூட இல்லை, பெத்தவளுக்கு ஒண்ணும் ஆகாது. அதையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். பிறகு வந்த ரெண்டு வரனையும் அவளே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள், யாரையும் ஏமாத்த வேணாங்க்கா என்றாள், அன்றைக்குக் கமலவேணிக்கு வெகு காலத்துக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது. இப்போது நினைத்தால் அதுதான் உறுத்துகிறது, அந்தத் தூக்கம். இல்லை, ஊசி போன இடமா. கசிகிறதா. கசிந்தால் கசியட்டும். மணி என்ன. வராந்தாவில் ஏதோ வளையல் சத்தம், அவள் இல்லை, கண்ணாடி வளையல் இது, அவளுடையது பிளாஸ்டிக். இருக்கட்டும் தாயே, வெக்காளித் தாயே, அவளுக்கும் இருக்கட்டும். மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று, நானே பக்கத்தில் உட்கார்ந்து தருகிறேன், ஒன்றும் ஆகாது, எனக்கு ஆகிவிட்டதா என்ன, ரெண்டு பேரும் சாப்பிடுகிறோம், ஆயுசுக்கும் சாப்பிடுகிறோம். அவள் ரத்தத்தில் அது இருக்கட்டும். என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டாள். கூடப்பிறந்தவளுக்கு நோய் கேட்டு வேண்டிக்கொள்கிறவளை எந்தச் சாமி பார்க்கும். கூரையில்லாத கோயிலில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள், அவள் பார்க்காததா. பார்த்துவிட்டுப் போகட்டும். இருக்கட்டும் தாயே.

பன்னிரண்டே முக்காலுக்கு ரெபேக்காவின் வெறுங்காலும் பிளாஸ்டிக் வளையலும் ஒன்றாக வந்தன. "இவங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள் ரெபேக்கா, உற்சாகமாக, கமலவேணியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து. "ரெண்டு தடவை பார்த்துட்டேன். வைரஸும் இல்ல, எப்பவோ வந்து போன அடையாளமும் இல்ல. உங்கம்மாவுக்கு இவங்க பொறக்கற சமயம் வைரஸ் ரொம்பக் குறைஞ்சிருக்கும், சில பேருக்கு அப்படி ஆகும். தடுப்பூசி மட்டும் போட்டுக்கச் சொல்லியிருக்கேன்." கமலவேணியின் உள்ளே முதலில் எழுந்தது வெட்கம் இல்லை, பயமும் இல்லை. எனக்கு மட்டுமா? அதுதான் எழுந்தது. ஒரே வயிறு, ஒரே பால், எனக்கு மட்டுமா, இவளுக்கு ஏன் இல்லை? கண்ணில் தண்ணீர் வந்தது, ரெபேக்கா அதைப் பார்த்து, சந்தோஷத்தில் அழறாங்க என்று சுகந்தியிடம் சொன்னாள். பிறகு, நோய் இல்லாத கூடப்பிறந்தவங்க ரத்தம் எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ரொம்ப உதவும், இன்னும் ஒரு ட்யூப் தருவீங்களா என்று கேட்டாள். "எடுத்துக்கங்க" என்றாள் சுகந்தி. அங்கேயே எடுத்தார்கள். ரப்பர் பட்டையை இழுத்து விடுகிற சத்தம். ரெபேக்கா போனாள். ஸ்டூல் கிறீச்சிட்டது. அடுத்த கட்டில்காரரின் இருமல், வெளியே ஆட்டோ ஹாரன், முதுகுத்தண்டு நெடுகக் குறுகுறுப்பு, அங்கே ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, தூங்கறியா?" "இல்ல." "கரூர் அம்மா எனக்கு அன்னைக்கே சொல்லிட்டாங்க. நீ போன் பண்ணின அன்னைக்கே, சாயங்காலம் கடைக்கு போன் போட்டு. உங்க அக்காவே சொல்றா, உங்க வீட்டுக்குள்ளயே இப்படியான்னு கேட்டாங்க." சுவரில் 'வசந்'. "நான் குடோனுக்குள்ள போய் உக்காந்து அழுதேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு நோய் இருக்கு. நான் அதைச் சொல்லாம ஒருத்தனைக் கட்டிக்கப் பார்த்தேன். அக்கா குறுக்க வந்து தடுத்துட்டா. என்னால செய்ய முடியாததை அவ செஞ்சா, அதை வெளிய சொல்லிக்கவும் இல்ல. அப்படித்தான் நெனச்சேன். மனசுக்குள்ள உன்னைக் கும்பிட்டிருக்கேங்க்கா. ஒம்போது வருஷம்." குரல் உயரவே இல்லை, சேலையை மடிக்கிற மாதிரி ஒவ்வொரு மடிப்பாக வைத்துக்கொண்டே வந்தது. "ரத்தம் எடுக்கறப்ப அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு. தட்டுல தொத்தாதாம். டம்ளர்ல தொத்தாதாம். கொழந்தைகளைத் தூக்கலாமாம். எந்த ஊர் ஆஸ்பத்திரியா இருந்தாலும் மொத நாளே இதைச் சொல்லிடுவாங்களாமே. உன்கிட்ட சொல்லலையாக்கா?" சொன்னார்கள் என்று சொல்லிவிட்டால். ஒரு வார்த்தைதான். இந்தச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம், முகம் பார்க்க வேண்டாம், இதைவிட வசதியான இடம் வேறு கிடைக்காது. சொன்னார்கள்டி. சொன்னார்கள். "சொல்லலடி" என்றாள் கமலவேணி. குரல் கேஸ் ஏஜென்சிக் குரலாக இருந்தது, தெளிவாக, மரியாதையாக. "ம்" என்றாள் சுகந்தி. சாத்துக்குடித் தோலைப் பேப்பரில் பொட்டலம் கட்டினாள். எழுந்து போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். போகவில்லை. போய்விடுவாள் என்று நினைத்த நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது, உட்காருகிறாள், உட்கார்ந்துவிட்டாள், எங்கே போவாள், எனக்கு அவள், அவளுக்கு நான்.

ஒன்றரைக்கு நர்ஸ்கள் மாறினார்கள். புதிதாக வந்தவள் கனத்த குரல்காரி, சார்ட்டைப் புரட்டிப் பார்த்து, "நாலு மணி நேரம் ஆச்சு, இனிமே மல்லாக்கப் படுக்கலாம், மெதுவா திரும்புங்க" என்று தோளையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டினாள். கூரையில் மின்விசிறி. கண் கூசியது. பிறகு சுகந்தியின் முகம். கமலவேணி அதை வெகு நேரம் கற்பனை செய்துவைத்திருந்தாள், வீங்கிய கண், கடித்த உதடு, எதையும் தாங்கத் தயாராக இருந்தாள். முகம் சாதாரணமாக இருந்தது. தலை வாரி, பொட்டு வைத்து, பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்க்கிற மாதிரி. "சாயங்காலம் டிஸ்சார்ஜ் பேப்பர்ல சொந்தக்காரங்க கையெழுத்துப் போடணும்" என்றாள் நர்ஸ். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" கமலவேணி தங்கை என்று சொல்ல உதட்டைப் பிரித்தாள். "பக்கத்து வீடுங்க" என்றாள் சுகந்தி. "துணைக்கு வந்தேன்." நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, அப்போ வீட்டு ஆளுக்கு யாருக்காவது போன் பண்ணிடுங்கம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். சுகந்தி பாட்டில் மூடியைத் திறந்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு கையால் கமலவேணியின் தலையைப் பக்குவமாகத் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.